சாலம்மாளின் பயணக் கட்டுரைகளும் வீட்டுக் கிணறும்

மல்லசமுத்திரம் சாலம்மாள் ஆப்பிரிக்காவில் அழுதால், இங்கே அவள் பிறந்த வீட்டுக் கிணறு அன்றைக்கே உப்புக் கரித்தது. கணவனை இழந்த இரண்டாம் வருடம், 2011இல், போர்வெல் வண்டி ஆட்களுக்குச் சமைத்துப்போட தான்சானியா போனாள். இந்தப் பக்கத்திலிருந்து கரண்டியோடு கடல் தாண்டிய முதல் பெண். அதை எழுதியதிலும் முதல் பெண். எந்த ஊரில் எத்தனை அடியில் தண்ணீர் வந்தது, அங்கே மரவள்ளியை எப்படி இடித்துக் களி கிண்டுகிறார்கள் என்று சேலத்து வாரப் பத்திரிகை ஒன்றுக்கு எழுதி அனுப்புவாள். கட்டுரையில் மருந்துக்கும் துயரம் இருக்காது. "நீ ஒரு சொட்டுக் கண்ணீர் உட்டீனு தெரிஞ்சாலும் கூட்டியாந்துருவேன்" என்று சொல்லித்தான் அண்ணன் மருதாசலம் அனுப்பியிருந்தார். திரும்பி வந்தால் எழுத்தும் அதோடு போச்சு.

கிணற்றின் குணத்தை அண்ணி அங்காளம்மாள்தான் முதலில் கண்டுபிடித்தாள். போனில் கேட்டதற்கு, "ஆமாங்கண்ணி, அழுதேன். அண்ணங்கிட்டச் சொல்லிராதீங்க" என்றாள் சாலம்மாள். சிங்கம் பார்த்ததைச் சிரிக்கச் சிரிக்க எழுதிய வாரம் தண்ணீரை வாயில் வைக்க முடியவில்லை. "உங்க வயித்துக்குக் கெணத்துத் தண்ணி ஆவாதுங்க" என்று அங்காளம்மாள் புருசனுக்கு மட்டும் கேன் தண்ணீர் வாங்கினாள். ஏழு வருடம் குடித்தார். வயிறு நன்றாகவே இருந்தது.

பிறகு ஒரு மார்கழியில் வாளி ஆவி பறக்க மேலே வந்தது. சாலம்மாளுக்குக் காய்ச்சல். வண்டி காட்டுக்குள் இருந்ததால் போன் போகவில்லை. ஒன்பது நாள் தெருவே வந்து வெந்நீர் பிடித்துக் குளித்ததால் மருதாசலத்திடம் எதையும் மறைக்க முடியவில்லை. பத்தாம் நாள் தண்ணீர் குளிர்ந்தது. உப்பும் இல்லை, ருசியும் இல்லை. காய்ச்சல் விட்டதா, உடம்பே குளிர்ந்துவிட்டதா என்று கிணறு சொல்லவில்லை. அன்று வந்த பத்திரிகையில் சாலம்மாள் ஒரு கல்யாணத்தில் ஆடிக்கொண்டிருந்தாள். யாரும் நம்பவில்லை.

மருதாசலம் கிணற்றடியிலேயே உட்கார்ந்து மணிக்கொரு சொம்பு குடித்தார். மூன்றாம் நாள் மத்தியானம் முகம் சுளித்தார்.

"ஏம்புள்ள, கரிக்குது."

அங்காளம்மாள் வாங்கிக் குடித்தாள். செத்தவர்கள் அழுவதில்லை.

"அப்பக் கூட்டியாரப் போறீங்களா?"

"அழுவட்டும். எழுதட்டும். இன்னொரு சொம்பு மோந்து குடு."

அதன்பின் அந்த வீட்டில் கேன் வாங்குவதில்லை. சாலம்மாள் இப்போது மொசாம்பிக்கில் இருக்கிறாள். அங்காளம்மாள் ரசத்தை இறக்கி, ருசி பார்த்த பிறகே உப்புப் போடுகிறாள், பெரும்பாலும் தேவைப்படுவதில்லை.