தலைகீழ்த் தக்காளி மேல விழுந்த பழி

பேரு கடுகு. பள்ளிக்கூடத்துல எழுதிக் கொடுத்த பேரு வேற, ஆனா வீட்டுல எல்லாருக்கும் கடுகுதான். ஆளு சிறுசு, சூடு பட்டா வெடிச்சிடுவான், அதனால வந்த பேரு. வயசு இருபத்தி மூணு. இப்போ இருக்கிறது பெயின்ட் கம்பெனி ஸ்டோர் ரூம்ல, டப்பாக்களுக்கு நடுவுல ஒரு மெத்தை போட்டு. போன மாசம் வரைக்கும் அண்ணன் கூட மூணாவது மாடியில இருந்தான். ஏன் அங்கேருந்து வந்தான்னு வீட்டுல ஒரு கதை ஓடுதில்ல? அது பொய். நடந்தது இதுதான்.

ஊரை விட்டு வந்த இடத்துல அண்ணனும் அவனும் ஒரே கம்பெனி, பெயின்ட் அடிக்கிற வேலை. ரூம்ல மூணாவது ஆளு ஒரு ஹோட்டல் சமையல்காரரு. பால்கனி தரையில ஒரு செருப்பு கூட வைக்கக் கூடாது, தீப்பிடிச்சா ஓடுற வழின்னு கேர்டேக்கர் நோட்டீஸ் ஒட்டியிருந்தாரு. தரையிலதானே கூடாதுன்னு கடுகு அண்ணாந்து பாத்தான். மேல நாலு கொக்கி சும்மா இருந்துச்சு.

காலி பெயின்ட் வாளி நாலு எடுத்துட்டு வந்து, பழைய பெயின்ட் ஒரு பொட்டு இல்லாம சுரண்டிக் கழுவினான். ஒவ்வொண்ணுக்கும் அடியில ஒரு ஓட்டை. அது வழியா தக்காளி நாத்தோட வேரை உள்ள விட்டு, தண்டைச் சுத்தி புது ரோலர் ஸ்பாஞ்சை வெட்டிக் கழுத்துப்பட்டி மாதிரி மாட்டினான். அப்புறம் மேலேருந்து மண்ணு. கொக்கியில மாட்டினா செடி கீழ பாத்துத் தொங்குது.

சமையல்காரரு விழுந்து விழுந்து சிரிச்சாரு. "டேய், இது வௌவாலுக்குப் பொறந்த தக்காளியாடா? காய்ச்சா சொல்லு, பறிக்கிறேன். ஆனா தலைகீழா நிக்கச் சொல்லாதே, இடுப்பு பிடிச்சுக்கும்."

பத்தே நாள்ல நுனியெல்லாம் வளைஞ்சு வெளிச்சத்தைப் பாத்து மேல திரும்பிடுச்சு. "உன் செடிதானே, சொன்ன பேச்சைக் கேக்குமா?"ன்னு அண்ணன் கிண்டல் பண்ணான். அது அண்ணன் சிரிச்சுப் பேசின காலம்.

விடிஞ்சதும் வாளிக்கு ஒரு குவளை தண்ணி. அவ்வளவுதான். கீழ சொட்டுதா இல்லையான்னு ஒரு வாரம் முழுக்க பேப்பர் விரிச்சு வெச்சுப் பாத்தான். சொட்டு கூட விழல, ஸ்பாஞ்சு அத்தனையும் குடிச்சிடும். இதை நல்லா ஞாபகம் வெச்சுக்கோங்க.

இன்னொண்ணு. ரோலரையெல்லாம் வேலை இடத்துத் தொட்டியிலதான் கழுவணும், அது கம்பெனி சட்டம். அண்ணனுக்கு ரூமுக்குத் திரும்புற முதல் கம்பெனி வண்டியைப் பிடிக்கிற அவசரம். ரோலரைப் பையில போட்டு ரூமுக்குத் தூக்கிட்டு வந்து, பால்கனியில கழுவி, கம்பிக்கு வெளியே நீட்டி உதறுவான். ரெண்டு தடவை மாட்டி, இனிமே செய்ய மாட்டேன்னு கம்பெனிக்கு எழுதிக் கொடுத்திருக்கான். மூணாவது தடவை மாட்டினா வேலை போச்சு.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் கதவு இடிஞ்சு விழுற மாதிரி தட்டினாங்க. நேர் கீழ, ரெண்டாவது மாடி தையக்காரம்மா. கையில, அவங்க பால்கனியில தொங்கவிட்டிருந்த ஒரு கல்யாண கவுன், வெள்ளைன்னா அப்படியொரு வெள்ளை. இடுப்புப் பக்கம் பச்சைப் பச்சையா தெறிச்சிருக்கு. பின்னாடி கேர்டேக்கர்.

"எவன்டா மேல தோட்டம் போட்டவன்? பதினோரு நாள் உக்காந்து தைச்சேன்டா!"

கேர்டேக்கர் நேரா பால்கனிக்குப் போனாரு. ஒரு தக்காளி இலையைக் கிள்ளிக் கசக்கி விரலைக் காட்டினாரு. "பாருங்க. அதே பச்சை."

கடுகுக்குப் பாத்ததுமே தெரிஞ்சு போச்சு. அது இலைச்சாறு இல்ல. ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு அண்ணன் அந்த வாரம் அடிச்சிட்டிருந்த பச்சை. திரும்பி அண்ணனைப் பாத்தான்.

அண்ணன் தையக்காரம்மாவைப் பாத்துக் கும்பிட்டான். "சின்னப் பையன்மா, தெரியாம பண்ணிட்டான். நான் அப்பவே தலைபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டாத்தானே."

கடுகு வாயைத் தொறந்தான். அண்ணன் கண்ணு கெஞ்சுச்சு. அண்ணி ஞாபகம் வந்துச்சு, ரெண்டு பிள்ளைங்க ஞாபகம் வந்துச்சு. தொண்டை வரைக்கும் வந்ததை அப்படியே முழுங்கினான்.

கேர்டேக்கர் வாளி தொங்கின கம்பியை வெட்டினாரு. கோலிக்குண்டு மாதிரி காய் பிடிச்சிருந்த நாலு வாளியும் தரையில விழுந்துச்சு. எந்தத் தரையில எதுவும் இருக்கக் கூடாதோ அதே தரையில. "இன்னைக்கே இடத்தைக் காலி பண்ணு"ன்னாரு. காலி பண்ணான்.

அது வரைக்கும் கூடப் பரவாயில்ல. கூடப் பொறந்தவன், போகட்டும். மறுநாள் அம்மாவுக்குப் போன் பண்ணா எடுக்கல. அதுக்கு மறுநாளும் எடுக்கல. அக்காதான் மெசேஜ் அனுப்பினா: "அண்ணன் எல்லாத்தையும் சொல்லிட்டான். போன இடத்துல இப்படி விளையாட்டுத்தனமா இருந்து அவனைத் தலைகுனிய வெச்சிட்டியே. அம்மா அழுதுட்டே இருக்கு. உன்கிட்டப் பேசாதாம்."

வெடிச்சான் பாருங்க! ஸ்டோர் ரூம்ல அடுக்கியிருந்த காலி டப்பாவையெல்லாம் எட்டி உதைச்சான். பழியை வாங்கிக்கிட்டவனை, அண்ணன் ஊருக்குப் போன் போட்டுத் தப்பு பண்ணவன்னே சொல்லியாச்சு!

நாலு நாள் கழிச்சு தையக்காரம்மாவே விசாரிச்சுக்கிட்டு ஸ்டோர் ரூமுக்கு வந்தாங்க. வெட்டி எடுத்த கறைத் துணியை மடியில விரிச்சு நகத்தால சுரண்டினாங்க. பச்சை தோல் மாதிரி உரிஞ்சு வந்துச்சு.

"இலைக்கறை உரியுமா தம்பி? இது பெயின்ட்டு. அன்னைக்கு வாயில என்ன, பூட்டா?"

அவன் பக்கத்துல கிடந்த டப்பாவை எடுத்து அடுக்கினான்.

"யாருன்னு நான் கேக்க மாட்டேன். கேட்டுத்தான் தெரியணுமா?" துணியை அவன் கையில திணிச்சாங்க. "வெச்சுக்கோ. வேண்டியவங்ககிட்டக் காட்டு."

அன்னைக்கே அண்ணன் வண்டியை விட்டு இறங்குற இடத்துல போய் நின்னான். துணியை மூஞ்சிக்கு நேரா நீட்டினான்.

"கம்பெனிக்குச் சொல்லிடாதடா கடுகு! கால்ல வேணா விழறேன்."

"உன் கால்ல நான் விழுந்து வளந்தவன் அண்ணா. கம்பெனிக்கு ஏன் சொல்லப் போறேன்? அம்மாவுக்கு நீயே சொல்லு. ஒரே ஒரு போன்."

"அம்மாவுக்குச் சொன்னா உன் அண்ணிக்குத் தெரியும், அவளுக்குத் தெரிஞ்சா எல்லாருக்கும் தெரியும். இங்க என்னை நம்பி அனுப்பினாங்கடா. நீ சின்னவன், உன்னைத் திட்டினா ரெண்டு நாள்ல மறந்துடுவாங்க."

"மறக்கிறதுக்கு நான் என்னண்ணா பண்ணேன்?"

கடுகு ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம் கொடுத்தான். "ஞாயித்துக்கிழமைக்குள்ள நீ சொல்லலைன்னா நானே சொல்லுவேன்."

ஒரு ஞாயித்துக்கிழமை போச்சு. இன்னைக்கு ரெண்டாவது. அண்ணன் சொல்லல. அதனாலதான் கடுகு இதை எழுதுறான்.

அக்காவோ, அண்ணியோ, இதைப் படிக்கிறவங்க யாரா இருந்தாலும், அம்மாவை உக்கார வெச்சு சத்தமாப் படிச்சுக் காட்டுங்க. அண்ணனைத் திட்ட வேணாம். கம்பெனி ஆளுங்க காதுக்கும் போக வேணாம். நாளைக்குக் காலையில கடுகோட போன் வரும். அம்மாவை எடுக்கச் சொல்லுங்க.