மண் அறியாத கீரை

1987 ஆகஸ்ட் பதினேழாம் தேதி திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு, கொரட்டூர் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருந்த கெங்கம்மாளின் பாதங்கள் இரண்டும் தரைக்கு மேலே பதினைந்து தௌ உயரத்தில் இருந்தன. ஒரு அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு ஒரு தௌ. அளந்தவர் அவளுடைய கணவர் வேம்புலி. ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் பிட்டர் வேலை. இரண்டு இரும்புகளுக்கு நடுவே உள்ள இடுக்கை அளக்க விசிறிபோல விரியும் மெல்லிய எஃகுத் தகடுகளை எப்போதும் சட்டைப்பையில் வைத்திருப்பவர். ஆகையால் அளவில் பிசகு இருக்க இடமில்லை. அன்று அவள் வீடு துடைத்துவிட்டு ஈரத்தரையில் அடுப்படிக்குப் போனாள். வழக்கமாக அழுந்த விழும் இடதுகால் தடமும் விழவில்லை, வலதுகால் தடமும் விழவில்லை.

"இன்னாமே, நீ நடந்த தடத்தையே காணோம்?" என்று வேம்புலி குனிந்தார்.

"காலங்காத்தால கால பாத்துகினு கீறியே, வேலைக்குப் போவலியா?"

"ஆடாம நில்லு. பத்து போவுது. பதினஞ்சு போவுது. இருவது போவல."

அவளுக்கு இடது கால் யானைக்கால். நான்கு வருஷமாக ஏறிக்கொண்டே வந்த பாரம் அது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏற்றுமதிச் சட்டை தைக்கும் கம்பெனி ஒன்றில், நின்றபடியே நூல் பிசிறு வெட்டுவது அவள் வேலை. முன்பெல்லாம் இருவரும் ஆறு ஐம்பது வண்டியில் சேர்ந்து போவார்கள். பட்டரைவாக்கத்தில் அவள் இறங்கிக்கொள்வாள், அவர் ஆவடிக்குப் போவார். கொரட்டூர் ஸ்டேஷன் பாலத்துக்கு நாற்பத்திரண்டு படி. அதை ஏற முடியாமல் போனபின் அவள் தனியாகப் பஸ் பிடித்துத் தினமும் தாமதமாகப் போனாள். சூப்பர்வைசர் ஜானகிராமன் கெட்ட மனிதர் அல்ல. "பொங்கல் வரைக்கும் பாக்கலாம்மா. அதுக்கு மேல என் கையில இல்ல" என்று தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னார். கெங்கம்மாள் அதை மூன்று நாள் மறைத்து வைத்திருந்து நான்காம் நாள் கணவரிடம் சொன்னாள். வேலை போனால் போகட்டும் என்றார் அவர். "வேலைய யார்யா கேட்டா? அந்த வண்டியில உங்கூட வரணும். அதான் எனக்கு" என்றாள்.

கீரை விஷயம் அதற்கும் முந்தையது. அந்த வருஷம் ஜனவரியில் வீட்டுக்காரர் கொல்லைப்புறம் முழுக்கச் சிமெண்டு பூசிவிட, கெங்கம்மாளின் கீரைப்பாத்தி அதனடியில் போனது. மார்க்கெட்டுக்கு நடக்கவும் அவளால் ஆகாது. இந்தக் கவலையில் இருந்த வேம்புலி, பட்டறையில் தம் மேசையோரம் கிடந்த நனைந்த வேஸ்ட் பஞ்சில், சாப்பாட்டிலிருந்து உதிர்ந்த ஒரு கடுகு முளைத்து வெள்ளை வேர் விட்டிருப்பதைக் கண்டார். மண் என்பது வெறும் பிடிமானம், தின்பதற்கு வேண்டியது தண்ணீரில் இருந்தால் போதும் என்று முடிவுகட்டினார். மீன் வரும் தெர்மோகோல் பெட்டிகள் நான்கு, குமணன்சாவடி உரக்கடையில் விசாரித்து வாங்கிய உப்பு மூன்று தினுசு, சங்கிலியில் தொங்கவிட்ட டியூப்லைட் இரண்டு. உள் அறையில் அரைக்கீரை விதைத்தார்.

முதல் விளைச்சல் நூலாம்படைபோல வந்தது. விளக்கை இருபத்து நான்கு மணி நேரமும் எரியவிட்டதுதான் காரணம் என்று கெங்கம்மாள் கண்டுபிடித்தாள். "மூணு ஷிப்டும் நீயே பாத்தா உனுக்கு இன்னா ஆவும்?" அதன்பின் செடிகளுக்கு இரண்டு ஷிப்டு வேலை, ஒரு ஷிப்டு இருட்டு என்று ஆயிற்று. வேர் பழுத்து நாறியபோது கொளத்தூர் வண்ணமீன் கடையிலிருந்து காற்றுப் பம்பு வாங்கி வந்து தண்ணீரில் குமிழி விட்டார். பாசி பிடித்ததும் பெட்டிக்கு வெளியே கறுப்புப் பெயிண்ட் அடித்தார். நரம்பு மட்டும் பச்சையாக நின்று இலை மஞ்சளானபோது, போர்வெல் தண்ணீரின் காரத்தன்மையை லிட்மஸ் தாளில் பார்த்து எலுமிச்சைச் சாறு சொட்டினார். சித்திரை வெயிலில் பெட்டிகளுக்கு ஈரச்சாக்கு போர்த்தினார். ஒவ்வொன்றையும் தேதி போட்டு நோட்டில் எழுதினார். ஆகஸ்டில் கீரை கறுகறுவென்று வந்தது. அதைத் தொடர்ந்து ஒரு வாரம் தின்றபின்தான் மேற்படி பதினைந்து தௌ.

பக்கத்துப் போர்ஷன் ஜமீலாவிடம் சொன்னபோது அவள் அதிசயப்படவில்லை. "மண்ணே தெரியாத கீரை, கெங்காக்கா. அத துன்ன கால் எதுக்கு மண்ண மிதிக்கணும்?" என்று கேட்டுவிட்டு அரிசி களையப் போனாள். வேம்புலியும் தினம் அதே கீரையைத்தான் தின்றார். அவர் குதிகாலுக்கு அடியில் மிக மெல்லிய தகடுகூட நுழையவில்லை. "உங்கிட்ட அது தூக்கறதுக்கு இன்னா பாரம் கீது?" என்றாள் கெங்கம்மாள்.

செடி தேறத் தேற உயரமும் கூடியது. செப்டம்பரில் நாற்பது தௌ. தீபாவளிக்குச் செருப்பு வாங்கும்போது அரை அங்குலம்; செருப்பும் அவளோடு சேர்ந்தே எழும்பி நின்றது. அதற்குமேல் தகடுகள் போதாமல் வேம்புலி ஸ்கேலுக்கு மாறினார். 1988 ஜனவரி நான்காம் தேதி, பொங்கலுக்குப் பத்து நாள் இருக்கையில், கெங்கம்மாள் நாற்பத்திரண்டு படியையும் ஏறி இறங்கி ஆறு ஐம்பது வண்டியைப் பிடித்தாள். கால் அதே கால்தான், பருமனும் குறையவில்லை. பாரத்தை மட்டும் கீரை சுமந்தது. ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சோற்றுப்பையை அவர் மடியில் வைத்துவிட்டு, பட்டரைவாக்கம் வரும்வரை அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

நன்றாக ஓடும் இயந்திரத்தை அப்படியே விட்டுவைப்பது பிட்டர்களின் குணமல்ல. வேம்புலி தக்காளி வைத்தார். பூவைத் தென்னங்குச்சியால் தட்டித் தட்டி மகரந்தம் உதிர்த்தார். மார்ச்சில் செடிக்கு முப்பத்தெட்டுப் பழம். கெங்கம்மாள் தரையைவிட்டு ஒரு ஜாண் எழும்பினாள். பதினான்காம் தேதி திங்கட்கிழமை, கொரட்டூரில் நிற்காத எக்ஸ்பிரஸ் ஒன்று பிளாட்பாரத்தை உரசிக்கொண்டு போனபோது, அந்தக் காற்று அவளை வண்டிப் பக்கமாக இழுத்தது. வேம்புலி அவளுடைய சோற்றுப்பையின் காதைப் பிடித்துத் தொங்கி நிறுத்தினார். ரசம் கொட்டியதைத் தவிர வேறு சேதமில்லை.

"நான் இன்னா காத்தாடியா, புடிச்சிகினு நிக்கறதுக்கு?" அவள் பையை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். "நாலு வெரக்கட போதும்யா. அதுக்கு மேல வாணாம்."

"இப்பதாம்மே செடி பிக்கப் ஆவுது."

"செடி ஆவட்டும். நானும் ஆவணுமா?"

அன்று சாயங்காலமே வேம்புலி தண்ணீரில் உப்பைப் பாதியாக்கினார். மூன்றாம் நாள் இலைகள் தலை தொங்கின. ஆஸ்பத்திரியில் கட்டிலருகே நிற்பவர்போல அவர் பெட்டியருகே நிற்பதைக் கெங்கம்மாள் பார்த்தாள். "அத ஏன்யா பட்னி போடற? இந்தத் தெருவுல பாரம் தூக்கறவ நான் ஒருத்திதானா?" என்றாள். உப்பு பழைய அளவுக்கு ஏறியது. கெங்கம்மாள் தனக்கென்று ஒரு பிடி கீரை, வாரத்துக்கு ஒரு தக்காளி எடுத்துக்கொண்டாள். மிச்சமெல்லாம் தெருவுக்குப் போயிற்று. ஏழு மாதக் கர்ப்பிணியான ஜமீலாவுக்கு முதலில். பிறகு அரிசிக்கடையில் மூட்டை தூக்கும் துலுக்கானத்துக்கு. 1993இல் ஏரி வறண்டு தண்ணீர் லாரி வந்த வருஷத்தில், அந்தத் தெருப் பெண்கள் இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகக் குடம் சுமந்து ஒரு துளி சிந்தாமல் போனார்கள். வேம்புலியின் பெட்டிகளுக்கு வாரம் ஒரு குடம் போதுமாயிருந்ததால், அதை யாரும் குறை சொல்லவில்லை. தெருமுனையில் செருப்புத் தைத்தவர் பிழைப்பு இல்லாமல் பாடிப் பக்கம் போய்விட்டார்.

1996 மே முப்பத்தொன்றாம் தேதி வேம்புலி ஓய்வு பெற்றார். மாலை போட்டு, சுவர்க் கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். கெங்கம்மாளுக்குச் சர்வீஸ் பாக்கி இருந்தது. ஜூன் மூன்று, திங்கட்கிழமை காலை, அவளை வண்டி ஏற்றிவிட என்று அவரும் கிளம்பினார். பதினெட்டாம் படியில் அவர் கால்கள் நின்றுவிட்டன. வலி எதுவும் இல்லை. வேலைக்கென்று போகாத கால்கள் அப்படிக் கனத்தன. அவள் திரும்பிப் பார்த்துப் பார்த்து ஏறிப்போனதைப் படியில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை, வழக்கம்போல் கீரைக்கடைசல் தின்று கை கழுவியவரை அவள் அடுப்படி ஈரத்தரையில் நிற்கச் சொன்னாள். அவருடைய சட்டைப்பையிலிருந்து தகடுகளை எடுத்துக்கொண்டு, கனத்த காலை மடக்கி மெதுவாக உட்கார்ந்தாள்.

"ஆடாம நில்லுய்யா. பத்து போவுது. பதினஞ்சு போவுது." தகட்டை மாற்றினாள். "இருவதும் போவுது."

அவர் குனிந்து பார்த்தார். அவள் தகடுகளை மடக்கி அவர் பையிலேயே போட்டு, அவர் தோளைப் பிடித்து எழுந்தாள்.

"உனுக்கும் பாரம் வந்துட்ச்சி. வா, வண்டி போய்டும்."

ஆறு ஐம்பது வண்டி அன்று மூன்று நிமிஷம் தாமதம். பட்டரைவாக்கம் வரைக்கும் போய் வர வேம்புலி சீசன் டிக்கெட் எடுத்தார்.