அத்தை முகத்துக்கு ஒரு லென்ஸ்

முகங்களைப் படம் எடுப்பதில் என்னை அடித்துக்கொள்ள இந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. இது தற்பெருமை இல்லை, தகவல். அடையாள அட்டைக்காக அவசர அவசரமாக வந்து உட்காருகிறவர்கள்கூட என் ஸ்டூடியோவில் மனிதர்களாகத்தான் பதிவாவார்கள். யாரையும் கைதி மாதிரி முழிக்க விடமாட்டேன். அப்படிப்பட்ட எனக்குப் பிடிபடாத முகம் ஒன்றே ஒன்று இருந்தது. என் மாமியாருடைய முகம். தினமும் சாப்பாட்டு மேஜையில் எனக்கு எதிரே உட்காருகிற முகம்தான், வேறென்ன சொல்ல.

அத்தை பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பயிற்சி கொடுத்தவர். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் ‘விசில்’. வேடிக்கை என்னவென்றால் அவர் விசில் ஊதியதே இல்லை, அதற்குத் தேவையே வரவில்லை. மைதானத்தின் எதிர்முனையில் ஓடுகிறவளின் ஷூ லேஸ் அவிழ்ந்திருப்பதை இந்த முனையில் நின்றே சொல்லிவிடுகிற தொண்டை அது. வேலையிலிருந்து அத்தை ஓய்வு பெற்றாரே தவிர அந்தத் தொண்டை ஓய்வு பெறவில்லை. கீழே சமையலறையிலிருந்து அவர் என்னைக் கூப்பிட்டால், மாடி ஸ்டூடியோவில் போஸ் கொடுத்துக்கொண்டிருப்பவர் எழுந்து நின்றுவிடுவார்.

அந்த அத்தை ஒரு காலை நேரம் ஸ்டூடியோவுக்குள் வந்து, வாடிக்கையாளர்கள் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்தார். காதுக்குக் கீழே இருந்த கட்டியைக் காட்ட டாக்டரிடம் போய்விட்டு நேராக வந்திருந்தார்.

“என்ன சொன்னாரு?”

“எடுத்தே ஆகணுமாம். பயப்படற மாதிரி கட்டி இல்லியாம். ஆனா முகத்தை அசைக்கிற நரம்பு அதுக்குள்ள பூந்து போகுதாம். எடுக்கும்போது அதுல அடிபட்டா இந்த இடது பக்கம் அசையாமப் போனாலும் போகலாமாம்.” நாளைக்கு மழை வரலாம் என்கிற மாதிரி சொன்னார். “அடுத்த வாரம் ஆபரேஷன். அதுக்குள்ள நான் சிரிக்கிற மாதிரி ஒரு படம் எடுத்துக் குடு. ரெண்டு பக்கமும் சேர்ந்து சிரிக்கணும்.”

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஆபரேஷனை நினைத்துப் பாதி, படத்தை நினைத்து மீதி. ஏனென்றால் அத்தை சிரிக்கிற படம் உலகத்திலேயே இல்லை. எங்கள் கல்யாண ஆல்பத்தில் அவர் எதையோ பறிகொடுத்தவர் போல நிற்பதைப் பார்த்து, மாப்பிள்ளையின் அம்மாவுக்கு இந்தச் சம்பந்தத்தில் இஷ்டமே இல்லை என்று என் சொந்தக்காரர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். என் அம்மாவுக்கு அந்தச் சந்தேகம் இன்னும் முழுசாகப் போகவில்லை. ஆனால் அத்தை சிரிக்கத் தெரியாதவர் இல்லை. எதிர்வீட்டு மாடியில் நிற்பவளோடு எங்கள் பால்கனியிலிருந்து பேசிச் சிரிப்பார் பாருங்கள், அந்தச் சிரிப்பில் தெருவே திரும்பும். நான் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிட்டே போனால் கடையை மூடிவிடுவார்.

“கவலையே படாதீங்க. எடுத்துடலாம்,” என்றேன். வாய் பாட்டுக்குச் சொல்லிவிட்டது.

என்னிடம் அதுவரை இருந்தது ஒரு ஜூம் லென்ஸ். நின்ற இடத்திலேயே நின்று வளையத்தைத் திருகினால் முகம் கிட்டே வரும், தூரப் போகும். வசதிதான். அந்த வசதியிலேயே என் கால்கள் சோம்பேறியாகிவிட்டன. எல்லாருடைய முகத்தையும் தரையில் நான் டேப் ஒட்டி வைத்திருக்கிற ஒரே இடத்தில் நின்றுதான் எடுப்பேன். முகங்களுக்கென்றே ஒரு பிரைம் லென்ஸ் வாங்க வேண்டும் என்று வெகுநாளாக ஆசை. அதில் திருகுவதற்கு ஒன்றும் இல்லை, அளவு ஒன்றே ஒன்று. முகம் பெரிதாக வேண்டுமானால் நாம்தான் முன்னால் போக வேண்டும், சிறிதாக வேண்டுமானால் நாம்தான் பின்னால் போக வேண்டும். அதற்குக் கூலியாகக் கண் இமை ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் காட்டும், பின்னால் இருக்கிற குப்பையை எல்லாம் மங்கலாக்கிப் பஞ்சாக்கிவிடும்.

லென்ஸ் கடைக்காரர் எனக்குப் பழக்கம். பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார், அது ஒன்றுதான் குறை.

“முகத்துக்கா? எண்பத்தஞ்சு எம்.எம். லென்ஸ். கண்ணை மூடிட்டு வாங்குங்க,” என்றார்.

“ஏன், அம்பது ஆகாதா?”

“அம்பதுல முகம் நிறையணும்னா ரொம்பக் கிட்டப் போகணும். அவ்வளவு கிட்டப் போனா மூக்கு கொஞ்சம் முன்னால வந்துடும். முப்பத்தஞ்சு இன்னும் மோசம், மூக்குக்குப் பின்னாடிதான் ஆளே இருப்பாங்க. எண்பத்தஞ்சுல நீங்க ஒரு அளவான தூரத்துல நிப்பீங்க, முகம் முகமா இருக்கும்.”

“நூத்தி முப்பத்தஞ்சு?”

“அது எதுக்கும்மா? உங்க ஸ்டூடியோவுல பின்னால போக இடம் ஏது? சுவத்தை இடிச்சிட்டுத்தான் நிக்கணும்.”

நான் ஒருத்தர் சொல்லிக் கேட்டு வாங்குகிற ஜாதி இல்லை. ஐம்பது, எண்பத்தைந்து, நூற்று முப்பத்தைந்து, மூன்றையும் சோதித்துப் பார்க்க இரவல் கேட்டேன். என்மேல் இருந்த நம்பிக்கையில், தலையில் அடித்துக்கொண்டே கொடுத்தார். ஆனாலும் எண்பத்தைந்துதான் என்று எனக்குள் முடிவாகிவிட்டது. மற்ற இரண்டும் சும்மா ஒப்புக்கு.

மறுநாள் அத்தை நல்ல புடவை கட்டி, தலைவாரி வந்து உட்கார்ந்தார். நான் ஜன்னல் திரையை விலக்கி, வெளிச்சம் இடது கன்னத்தில் விழும்படி ஸ்டூலைத் திருப்பினேன். ஐம்பதை மாட்டிக்கொண்டு அவர் முழங்கால் என்மேல் இடிக்காத குறையாக நெருங்கினேன். படம் பிரமாதமாகத் தெளிந்து வந்தது. தெளிவாகத் தெரிந்தது எல்லாம் இறுகிய உதடுதான்.

எண்பத்தைந்தை மாட்டினேன். டேப் ஒட்டிய இடத்துக்கே என்னை அது கொண்டுபோய் நிறுத்தியது. மூக்கு ஒழுங்காக இருந்தது, கண் ஒழுங்காக இருந்தது, தோல் பட்டுப் போல இருந்தது. சிரிப்பு மட்டும் இல்லை. நான் நகைச்சுவை சொன்னேன். அவர் மரியாதைக்குத் தலையாட்டினார். என் வீட்டுக்காரர் ஒத்தாசை செய்கிறேன் என்று வந்து அத்தைக்குப் பக்கத்தில் நின்று, “அம்மா, ஈன்னு சொல்லும்மா,” என்றார். அத்தை ‘ஈ’ என்றார். பல் டாக்டரிடம் காட்டுகிற மாதிரி இருந்தது. வீட்டுக்காரரை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினேன்.

மத்தியானம் வரைக்கும் தலைகீழாக நின்று பார்த்தேன். கடைசியில் எனக்குப் பொறுமை போய்விட்டது.

“எதிர்வீட்டுக்காரிகிட்ட மட்டும் சிரிக்கிறீங்க, என்னைப் பாத்தா என்ன வந்துச்சு உங்களுக்கு? நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அத்தை என்னைத் திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. மடியில் இருந்த கையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

“எனக்கு மட்டும் தெரியுமா ஏன்னு? யாராவது கிட்ட வந்து என் முகத்தையே பாத்தா அப்படியே இறுகிடுது. சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான். நானும் முயற்சி பண்றேன்டி.”

எனக்குப் பாவமாகப் போய்விட்டது. சமாதானம் சொல்லத் தெரியாத குறைக்கு, எழுந்து மூன்றாவது லென்ஸை மாட்டினேன். நம்பிக்கை எல்லாம் இல்லை, வெறும் வீம்பு. கடைக்காரர் சொன்னது சரிதான். முதுகு சுவரில் இடித்த பிறகும் படத்தில் அத்தையின் நெற்றி வெட்டுப்பட்டது. “வாங்க, கீழ போகலாம்,” என்றேன்.

கட்டடத்துக்குப் பின்னால் வண்டிகள் நிறுத்துகிற இடம் அந்த நேரத்தில் காலியாக இருக்கும். கட்டடத்தின் நிழல் பாதித் தரையை மூடியிருந்தது. நிழலின் ஓரத்தில் அத்தையை நிறுத்திவிட்டுப் பின்னால் நடக்க ஆரம்பித்தேன். கொஞ்சம் போனதும் நின்று பார்த்தேன். முகம் கேமராவின் சட்டத்துக்குள் பெரிதாக இருந்தது. இன்னும் கொஞ்சம் போனேன்.

“எங்கடி போற?” அத்தை குரலைச் சற்று உயர்த்தினார்.

“தோள் வரணும், அத்தை!”

“அப்ப தாராளமா போ! நடுவுல நடுவுல என்ன நிக்கிறது? ஓடு!”

போனேன். இடுப்புக்கு மேல் அத்தை முழுதாகச் சட்டத்துக்குள் வந்தார். கேமராவைத் தூக்கினேன். லென்ஸ் கனமாக இருந்ததால் கை நடுங்கியது.

“முழங்கையை ஏன் ரெண்டு பக்கமும் விரிச்சு வெச்சிருக்க? கோழி மாதிரி! உள்ள இழு! நெஞ்சோட ஒட்டணும்!”

உள்ளே இழுத்தேன். நடுக்கம் நின்றது. எனக்கே எரிச்சலாக இருந்தது, நான் இத்தனை வருஷம் செய்கிற தொழிலில் அவர் வந்து திருத்துகிறாரே என்று.

“முட்டியை லேசா மடக்கு! மூச்சை விடு! ஆங், அப்படி!”

“அத்தை! நான் படம் எடுக்கப் போறேனா, பந்தயத்துல ஓடப் போறேனா?”

“நீ ஓடி எந்தக் காலத்துல ஜெயிக்க!” என்று அத்தை கத்தினார். கத்திவிட்டுச் சிரித்தார். கன்னம் இரண்டும் மேலேறி, கண் சுருங்கி, கடைவாய்ப்பல் தெரிய, பால்கனிச் சிரிப்பு. நான் விரலை எடுக்கவே இல்லை. படபடவென்று எடுத்துத் தள்ளினேன். என் வாழ்நாளில் நான் அவ்வளவு சந்தோஷமாகப் படம் எடுத்ததில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தப் பெண்மணியை உலகம் பார்த்ததே மைதானத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்துதான். கத்திப் பேசுகிற தூரத்தில்தான் அவர் அவராக இருக்கிறார். ஒவ்வொரு முகத்துக்கும் தூரம் வேறு. நானோ ஊரில் உள்ள எல்லாரையும் ஒரு துண்டு டேப்புக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்திக்கொண்டிருந்தேன்.

நூற்று முப்பத்தைந்தையே எடுத்துக்கொள்கிறேன் என்றதும் கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். “முகத்துக்கு எண்பத்தஞ்சுதான்மா,” என்றார் மறுபடியும். “உங்க முகத்துக்கு இருக்கலாம்,” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

படத்தைப் பெரிதாகப் போட்டுக் கொடுத்தேன். அத்தை வெகுநேரம் பார்த்தார். “நான் இப்படியா இருப்பேன்? நல்லாத்தானே இருக்கேன்!” என்றார். எங்களிடம் காட்டியதோடு நிறுத்தவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்று டாக்டர் மேஜையில் அதை வைத்து, “இந்தச் சிரிப்பு எனக்குத் திரும்பி வேணும், பாத்துக்குங்க,” என்றார். டாக்டர் அந்தப் படத்தைக் கையில் எடுத்துப் பார்த்தாரே தவிர வாக்குக் கொடுக்கவில்லை.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் டாக்டர் வார்டுக்கு வந்தார். அத்தையின் தலையைச் சுற்றிக் கட்டு. முகம் மட்டும் வெளியே தெரிந்தது. டாக்டர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, நன்றாகக் குனிந்து, அத்தையின் முகத்துக்கு நேராகத் தன் முகத்தைக் கொண்டுபோனார்.

“புருவத்தைத் தூக்குங்க. நல்லது. கண்ணை இறுக்கி மூடுங்க. ரொம்ப நல்லது. இப்ப சிரிங்க பாக்கலாம்.”

ஒன்றும் நடக்கவில்லை.

“சும்மா கொஞ்சமா. பல்லு தெரியட்டும்.”

உதடு இன்னும் இறுகியது. டாக்டர் இன்னும் கிட்டே குனிந்து பார்த்தார். அத்தையின் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், அவர் தோள் குலுங்கியது. எனக்கும் உயிர் போய்விட்டது. போய்விட்டதா, அந்தச் சிரிப்பு அவ்வளவுதானா?

ஆனால் கண் தன் பாட்டுக்குத் தன் வேலையைச் செய்தது. இந்த இறுக்கம் எனக்குத் தெரிந்த இறுக்கம். என் கம்ப்யூட்டரில் இதே முகம் குவியலாகக் கிடக்கிறது. வலது ஓரம் எப்படி இறுகியிருக்கிறதோ அதே அளவுக்கு இடது ஓரமும் இறுகியிருந்தது. செத்த பக்கம் எப்படி இறுகும்?

“டாக்டர், நீங்க கொஞ்சம் எழுந்து தள்ளி நில்லுங்க,” என்றேன்.

“என்னம்மா?”

“தயவுசெஞ்சு. ஒரே நிமிஷம்.”

டாக்டர் எழுந்து தள்ளி நின்றார். நான் கட்டில்களுக்கு நடுவே நடந்து, வார்டு வாசல் வரைக்கும் போனேன். போய்த் திரும்பி நின்று, என்னிடம் உள்ள மொத்தத் தொண்டையையும் திறந்தேன்.

“அத்தை! உங்க பையன் அங்க நின்னு மூக்கைச் சிந்திட்டிருக்காரு! திரையில துடைக்கிறாரு பாருங்க!”

வார்டே திரும்பியது. நர்ஸ் ஓடிவந்தார். அத்தை தலையைத் திருப்ப முடியாமல் கண்ணை மட்டும் ஜன்னல் பக்கம் உருட்டினார். இவர் நிஜமாகவே திரைத்துணியும் கையுமாக மாட்டிக்கொண்டு நின்றார்.

“டேய்!” கட்டுக்குள்ளிருந்து கரகரத்து வந்தது அந்தக் குரல். “ஆஸ்பத்திரித் திரைடா அது! என் மானத்தை வாங்காத!” சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. வலது ஓரம் முதலில் மேலே ஏறியது. இடது ஓரம் அங்கேயே கிடந்தது. பிறகு லேசாகத் துடித்தது, தயங்கியது, மெல்ல மெல்ல, எல்லாரும் முடித்த பிறகு கோட்டைத் தொடுகிற கடைசிக்காரி மாதிரி, அதுவும் வந்து சேர்ந்தது.

டாக்டர் ஓடிவந்து ஒரு கையை அத்தையின் கன்னத்தில் வைத்தபடியே, மறு கையை என்னைப் பார்த்து உயர்த்தினார். ஆஸ்பத்திரி என்பதையும் மறந்து கத்தினார்.

“அங்கேயே நில்லுங்கம்மா! நகராதீங்க! இன்னும் ஏதாவது சொல்லுங்க!”

எங்கே சொல்வது? வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது.