வாசனை நோட்டு

சோதனைக் குழாயின் வாய் மூக்குக்கு ஒரு சாண் தள்ளி நிற்கிறது, உள்ளே மஞ்சளாக ஏதோ குமிழியிடுகிறது, குழாயைக் கவ்விய இடுக்கி லேசாக நடுங்குகிறது, மோந்து பாருங்க டீச்சர் என்று ஒரு குரல், செண்பகவல்லி டீச்சர் பாடப்புத்தகத்தில் சொன்ன முறைப்படியே உள்ளங்கையால் ஆவியைத் தன் பக்கம் மெல்ல விசிறிக்கொள்கிறாள், புருவத்தைச் சுருக்குகிறாள், மூக்கை ஒரு பக்கமாக இழுக்கிறாள், ம், சரிதான் என்று தலையாட்டுகிறாள், மூன்று வருடமாக இந்த நடிப்பு நடக்கிறது, அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை, குழாயில் நரகமே கொதித்தாலும் அவளுக்கு அது வெறும் சூடான காற்று. செண்பகப் பூவின் பெயரை வைத்தவர்கள் மூக்கையும் கொஞ்சம் கெட்டியாக வைத்திருக்கலாம் என்று நினைத்துக்கொள்வாள். ஊரே கதவடைத்துக் கிடந்த வருடத்தில் வந்த காய்ச்சல் பத்து நாளில் போனது, போகும்போது வாசனையையும் கூட்டிக்கொண்டு போனது, அடுப்பில் பால் பொங்கி அடிப்பிடித்துக் கரிந்துகொண்டிருக்க அவள் பக்கத்திலேயே நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள், தபால் ஆபீஸிலிருந்து திரும்பிய கணவர் சங்கரலிங்கம் வாசலிலிருந்தே, ஏ செம்பகம், பால் கரியுதே, தெரியலையா என்று கேட்டார், அன்றைக்கு அவள் காப்பித்தூள் டப்பாவை மோந்தாள், மண்ணெண்ணெயை மோந்தாள், கடைசியில் அவருடைய சட்டையையே மோந்தாள், எல்லாம் ஒன்றுபோல, கண்ணாடியை மோந்ததுபோல. திருநெல்வேலியில் காது மூக்கு டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, வந்தாலும் வரும், வராமலும் போகும், அதுக்கு நாள் சொல்ல முடியாதும்மா என்றார், பஸ்ஸில் திரும்பும்போது சங்கரலிங்கம் ஆறுதலாக, போனது மூக்குத்தானே, கண்ணா போச்சு, நீ கணக்கு டீச்சரா இருந்திருந்தா யாருக்கும் தெரியப்போறதில்ல என்றார், நான் கெமிஸ்ட்ரி டீச்சர்ங்க என்றாள் அவள், ஜன்னலுக்கு வெளியே கரிசல் மண்ணில் முதல் மழை விழுந்துகொண்டிருந்தது, பஸ்ஸில் எல்லாரும் ஒரே நேரத்தில் மூச்சை ஆழமாக இழுத்தார்கள், அவளும் இழுத்தாள், அதுவும் நடிப்புத்தான்.

யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் லேபைப் பூட்டிவிடுவார்கள் என்று பயம், எட்டு வருடம் உடைந்த பெஞ்சுகளின் கிடங்காகக் கிடந்த அறை அது, மனு மேல் மனு எழுதி நான்கு பர்னரும் இரண்டு சிங்க்கும் வாங்கி அவள் திறந்த அறை, உங்களுக்கு எதுக்கு டீச்சர் ரிஸ்க், போர்டுலயே நடத்திடுங்க என்று தலைமை ஆசிரியை ஒரு வார்த்தை சொன்னால் போதும், பெஞ்சுகள் திரும்பி வந்துவிடும். கனவில் மட்டும் அவளுக்கு வாசனை வந்தது, ஆனால் இடம் மாறி வந்தது, கல்லூரி லேபில் அவளுக்குப் பத்தொன்பது வயது, கந்தக அமில பாட்டிலைத் திறந்தால் மல்லிகைப்பூ மணக்கிறது, கல்யாண மேடையில் மாலையைக் கழுத்தில் வாங்கினால் குளோரின் அடிக்கிறது, தாலி கட்டக் குனிந்த சங்கரலிங்கம் மேல் மட்டும் சரியாக அதே பழைய பவுடர் வாசனை, விழித்துக்கொள்கிறாள், பக்கத்தில் அவர் குறட்டை விடுகிறார், மோந்து பார்க்கிறாள், கண்ணாடி. பகலில் அமோனியா ஒன்றுதான் அவளுக்கு விசுவாசமாக இருந்தது, வாசனை இல்லாவிட்டாலும் கண்ணைக் குத்தி நான் வந்துவிட்டேன் என்று சொல்லிவிடும், மற்ற எல்லாவற்றுக்கும் அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள், ப்ளஸ் ஒன் பிள்ளைகளிடம் ஆளுக்கொரு நோட்டு வாங்கச் சொன்னாள், அட்டையில் வாசனை நோட்டு என்று எழுதச் சொன்னாள், எந்தச் சோதனை செய்தாலும் வந்த வாசனையை அதில் எழுத வேண்டும், அழுகிய முட்டை, கார நெடி என்று புத்தகத்திலிருந்து எழுதினால் மார்க் கிடையாது, உங்க மூக்குக்கு அது என்னமா இருந்துச்சோ அத எழுதுங்கட்டி என்றாள். மூன்று நோட்டைப் புரட்டிப் பார்த்தால் குழாயில் இருப்பது என்ன என்று தெரிந்துவிடும், அவ்வளவுதான் அவள் திட்டம், ஆனால் பிள்ளைகள் எழுத ஆரம்பித்தார்கள், அமோனியாவுக்கு ஒருத்தி, எங்க சித்தி தலைக்கு டை அடிச்ச ஞாயிற்றுக்கிழமை என்று எழுதினாள், ஹைட்ரஜன் சல்பைடுக்கு இன்னொருத்தி, அக்கா மாப்பிள்ளை நைட்டு எட்டு புரோட்டா தின்னுட்டு மறுநா பஸ்ல என் பக்கத்துல உட்கார்ந்தார், யாரும் யாரையும் பார்க்கலை என்று எழுதினாள், அசிடிக் அமிலத்துக்கு முத்துப்பேச்சி என்கிற பிள்ளை, பொய் சொல்லி மாட்டிக்கிட்டப்ப வாயில ஊறுற எச்சில் என்று எழுதியிருந்தாள், டீச்சர் திருத்துகிற சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தாள், வாய்க்குள் உண்மையாகவே புளிப்பு ஊறியது. முத்துப்பேச்சி கடைசி பெஞ்ச், மற்ற பாடங்களில் எல்லாம் பார்டர் பாஸ், தீப்பெட்டி ஆபீஸில் குச்சிக்கு மருந்து முக்கும் அம்மாவின் ஒற்றைப் பிள்ளை, சல்பர் டை ஆக்ஸைடுக்கு அவள் எழுதியது ஒரே வார்த்தை, அம்மா. அதற்குப் பத்துக்குப் பத்து போட்டாள் டீச்சர், ஸ்டாஃப் ரூமில் யாரும் பார்க்காதபோது இன்னொரு தடவை எடுத்து வாசித்தாள்.

நோட்டின் புகழ் பரவியது, அதுதான் வினை. மாவட்டப் பயிற்சிக்குப் பொறுப்பான ஆதிநாராயணன் சார் ஒருநாள் பள்ளிக்கு வந்தபோது நான்கு நோட்டுகளை நின்றபடியே வாசித்துச் சிரித்தார், மேடம், இதுக்குப் பேர்தான் செயல்வழிக் கற்றல், உங்க லேப்லயே நாற்பது டீச்சர்ஸுக்கு ஒரு டெமோ கிளாஸ் வச்சிருவோம் என்றார், வேண்டாம் சார் என்று அவள் சொன்னது அடக்கம் என்று எடுத்துக்கொள்ளப்பட்டது. குறித்த சனிக்கிழமை காலையில் நாற்பது ஆசிரியர்களும் சமோசாத் தட்டோடு உட்கார்ந்திருக்கிறார்கள், ப்ளஸ் டூவுக்கு வந்துவிட்ட அதே பிள்ளைகளில் ஐந்து பேர் மேசைக்குப் பின்னால் வரிசையாக நிற்கிறார்கள், நடுவில் முத்துப்பேச்சி, எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, திடீரென்று ஆதிநாராயணன் சார் தன் பையிலிருந்து லேபிள் இல்லாத நான்கு சின்ன பாட்டில்களை எடுத்து வைக்கிறார், பிள்ளைங்க மோந்து நோட்டுல எழுதட்டும், ஆனா நோட்ட இப்ப யாரும் காட்டக்கூடாது, மேடமும் தனியா மோந்து சொல்லட்டும், ரெண்டும் எப்படிப் பொருந்துதுன்னு பாப்போம் என்கிறார். பிள்ளைகள் மோந்து எழுதிய பிறகு முதல் பாட்டில் அவளிடம் வந்தது, கண்ணைக் குத்தியது, அமோனியா என்றாள், தன் ஒரே சிநேகிதிக்கு மனதுக்குள் நன்றி சொன்னாள். இரண்டாவதைத் திறந்து விசிறினாள், கண்ணாடி, கை தானாக இன்னும் விசிறியது, நேரம் வாங்க வேறு வழியில்லை, நிமிர்ந்தபோது, எல்லார் கண்ணும் அவள் மூக்கின் மேலேயே இருக்க, ஆதிநாராயணன் சாருக்குப் பின்னால் முத்துப்பேச்சி இடது கைக் கட்டைவிரலை நிமிர்த்தி வைத்துக்கொண்டு வலது கையால் அதன் தோலை உரிப்பதுபோல் ஏதோ செய்கிறாள், என்ன செய்கிறது இந்தப் பிள்ளை, விரலில் அடிபட்டுவிட்டதா, மறுபடியும் உரிக்கிறாள், உரித்ததை வாயில் போட்டு மெல்கிறாள், வாழைப்பழம், பழ வாசனை, எஸ்டர் சார் என்கிறாள் டீச்சர், சபாஷ் என்கிறார் அவர். மூன்றாவதுக்கு ஓரத்தில் நின்றவள் தன் தோளில் தானே ஊசி போடுவதுபோல் விரலால் குத்திக்கொண்டு முகத்தைச் சுளித்தாள், ஆஸ்பத்திரி, பீனால் சார், நாற்பது பேரும் கைதட்டினார்கள், இவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, எப்போதிலிருந்து தெரியும், எவ்வளவு தெரியும் என்று அவள் மனம் பின்னோக்கி ஓடிக்கொண்டிருக்கும்போதே நான்காவது பாட்டில் கைக்கு வந்துவிட்டது.

விசிறினாள், நிமிர்ந்தாள், ஐந்து பிள்ளைகளும் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள், ஒரு விரல்கூட அசையவில்லை, முத்துப்பேச்சி உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்க்கிறாள், கைவிட்டுவிட்டார்கள், விடட்டும், ஒரு ஆளை எத்தனை நேரம்தான் தூக்கிச் சுமப்பார்கள், திடீரென்று அவளுக்குக் களைப்பாக இருந்தது, மூன்று வருடமாகச் சுளித்துச் சுளித்து மூக்கே வலிப்பதுபோல் இருந்தது, பாட்டிலைக் கீழே வைத்தாள், சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள், எனக்கு ஒரு வாசனையும் தெரியல சார் என்று சொல்லிவிட்டாள். ஆதிநாராயணன் சார் மேசையைத் தட்டிச் சிரித்தார், கரெக்ட் மேடம், அது வெறும் தண்ணி, போன வாரம் நாலு ஸ்கூல்ல இதே பாட்டில நீட்டினேன், ஒருத்தர் வினிகர்ங்கறார், ஒருத்தர் ஆல்கஹால்ங்கறார், இல்லாத வாசனைய இல்லைன்னு சொல்றதுக்கு ஒரு தைரியம் வேணும், அது இங்கதான் இருக்கு என்றார், கைதட்டல் சமோசாத் தட்டுகளை அதிரவைத்தது, டீச்சர் வாயைத் திறந்தாள், இல்ல சார், நான் சொல்ல வந்தது என்று ஆரம்பித்தாள், யாரோ பூங்கொத்தைக் கையில் திணித்தார்கள், போட்டோ எடுக்க எல்லாரும் நெருங்கி நின்றார்கள், வாழ்நாளில் அவள் சொன்ன பெரிய உண்மைக்கு இப்படிப் பரிசு கொடுத்து அதன் வாயை அடைத்துவிட்டார்கள்.

எல்லாரும் போன பிறகு ஐந்து பேரையும் ஸ்டூல்களில் உட்கார வைத்தாள், எப்பட்டி தெரியும் உங்களுக்கு என்றாள், முத்துப்பேச்சிதான், ப்ளஸ் ஒன்லயே தெரியும் டீச்சர், அன்னைக்கு அழுகின முட்டை கேஸ் லேப் பூரா அடிச்சி நாங்க எல்லாரும் வெளிய ஓடிட்டோம், நீங்க மட்டும் போர்டப் பாத்துச் சமன்பாடு எழுதிக்கிட்டே இருந்தீக, திரும்பிப் பாத்து, எங்கட்டி எல்லாரும் போயிட்டீகன்னு கேட்டீக என்றாள், ஓரத்தில் இருந்தவள் மெதுவாக, அதுக்கப்புறம் கடைசி பெஞ்சுல தினமும் கருவாடு சாப்பிட்டோம் டீச்சர், மன்னிச்சிருங்க என்றாள், தினமுமா என்றாள் டீச்சர், செவ்வாய் வெள்ளி தவிர என்றாள் அந்தப் பிள்ளை. டீச்சருக்குச் சிரிப்பும் வந்தது அழுகையும் வந்தது, ஏன் ஒருத்தியும் சொல்லல என்றாள், முத்துப்பேச்சி ஸ்டூலில் நகத்தால் சுரண்டிக்கொண்டே, நோட்ட வாசிக்கும்போது உங்க முகம் ஒரு மாதிரி மாறும் டீச்சர், அதப் பாக்கணும்னுதான் எல்லாரும் யோசிச்சு யோசிச்சு எழுதுவோம், தமிழ் ஐயா நோட்டுக்குக்கூட அப்படி எழுதுனதில்ல என்றாள், பிறகு குரலைத் தாழ்த்தி, ஆனா கேஸ் பர்னர் லீக் ஆனா உங்களுக்குத் தெரியாதே டீச்சர், அதான் நான் தினமும் கடைசியா போவேன், எல்லாத்தையும் மோந்து பாத்துட்டு என்றாள். அதைக் கேட்டதும் டீச்சருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது, தான் காப்பாற்றியது லேபையா தன் வீம்பையா என்று அவளுக்கே விளங்கவில்லை, அறுபது பிள்ளைகள் நிற்கிற அறையின் மூக்கை ஒரு பதினாறு வயதுப் பிள்ளை யாருக்கும் தெரியாமல் சுமந்திருக்கிறாள்.

திங்கட்கிழமை காலை போர்டின் மூலையில் தேதிக்கும் வருகைக்கும் கீழே டீச்சர் கொட்டை எழுத்தில் எழுதினாள், இன்றைய மூக்கு, முத்துப்பேச்சி, நாளைய மூக்கு இன்னொருத்தி, முறை வைத்து ஆளுக்கொரு நாள், பர்னரைத் திறக்கும் முன்னும் மூடிய பின்னும் மோந்து கையெழுத்துப் போட வேண்டும், வகுப்புக்கு விஷயத்தைச் சொன்னாள், தெரியும் டீச்சர் என்றார்கள் அறுபது பேரும். அப்போது பார்த்து ரவுண்ட்ஸ் வந்த தலைமை ஆசிரியை கிரேஸ் ஜெபமணி போர்டைப் பார்த்து நின்றார், இது என்ன டீச்சர் மூக்கு என்றார், செண்பகவல்லி சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு வராந்தாவுக்கு வந்தாள், காய்ச்சலிலிருந்து தண்ணீர் பாட்டில் வரை ஒன்று விடாமல் சொன்னாள், லேபைப் பூட்டுறதுன்னா பூட்டிக்கோங்க மேடம், ஆனா பிள்ளைகள ஏமாத்த இனி என்னால முடியாது என்றாள், கிரேஸ் ஜெபமணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டினார், லேபை எதுக்குப் பூட்டணும், மோந்து பாக்கத்தான் அறுபது ஆள் வச்சிருக்கீங்களே என்றார், ஆனா ஒண்ணு டீச்சர், நம்ம ஸ்டாஃப் பாத்ரூமப் பத்தி மூணு வருஷமா எங்கிட்ட புகார் சொல்லாத ஒரே ஆள் நீங்கதான், எவ்வளவு பெருந்தன்மையான மனுஷின்னு நான் வீட்ல வேற சொல்லிக்கிட்டிருந்தேன்.