பொன்னுலிங்கத்தின் மூன்றாவது எழுபது கிலோமீட்டர்

"கலயத்தக் கீழ வச்சிராத மக்கா. தரையில பட்டா அதோட தீந்துது" என்று சித்தப்பா தங்கப்பன் மூன்றாவது முறையாகச் சொன்னபோது, சுபிதா வேப்பமரக் கொப்பில் கட்டியிருந்த அப்பாவை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமை இறந்து, வெள்ளிக்கிழமை எரிந்து, சனிக்கிழமை ஒரு சின்னக் கலயத்துக்குள் சாம்பலாக அடங்கிவிட்டார் பொன்னுலிங்கம். சாம்பல் வீட்டுக்குள் வரக்கூடாது, கடல் சேரும்வரை மண்ணைத் தொடவும் கூடாது. அதனால் மனிதர் விடியும்வரை மரத்தில் இருந்தார்.

வாசலில் ஒன்பது பேர் சைக்கிளோடு நின்றார்கள். அவர் சேர்ந்திருந்த சைக்கிள் கூட்டம். வருடத்துக்கொரு முறை ஆவணியில், வடசேரியில் புறப்பட்டு வயல்காடெல்லாம் சுற்றிக் கன்னியாகுமரியில் முடியும் எழுபது கிலோமீட்டர் அவர்களுக்குத் திருவிழா மாதிரி. பொன்னுலிங்கம் இரண்டு தடவை பெயர் கொடுத்து இரண்டு தடவையும் முடிக்கவில்லை. முதல் வருடம் கால் முட்டு பிடித்துக்கொண்டது. அடுத்த வருடம் தோவாளையில் ஒரு கல்யாண வீட்டுக்காரர் கையைப் பிடித்து இழுத்துப் பந்தியில் உட்காரவைத்தார். மூன்று பாயசத்துக்குப் பிறகு எவனுக்குச் சைக்கிள் ஞாபகம் வரும்? இந்த வருடம் முடித்தே தீருவேன் என்று மகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தார். ஓட்டத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது நெஞ்சு நின்றுவிட்டது.

"அப்பா முடிக்கட்டும் சித்தப்பா. அப்பாக்க சைக்கிள்ல நான் கொண்டு போறேன்" என்றாள் சுபிதா.

"பொட்டப்புள்ள சாம்பல் எடுக்கதே ஊருக்குப் பேச்சு. அதில சைக்கிள் வேற" என்றார் தங்கப்பன். பிறகு அவளுடைய முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் இறங்கிவந்தார். "செரி. நான் காரில பின்னால வாறேன். நீ எந்த இடத்தில முடியாம நிக்கியோ, அங்க வச்சுக் கலயம் காரில ஏறிரும். கேட்டியா?"

கூட்டத்தில் இருந்த நர்ஸ் பிரிஜா ஒரு பையை நீட்டினாள். கைக்குழந்தையை நெஞ்சோடு கட்டிக்கொள்ளும் பை. "எனக்க மோளுக்குள்ளது. இப்பம் சும்மாதான் கெடக்கு."

கலயம் அதில் கச்சிதமாக உட்கார்ந்தது. தங்கப்பன், "அண்ணன் போற கோலத்தப் பாரு" என்று முனகிக்கொண்டே காரில் ஏறினார்.

பூதப்பாண்டி தாண்டியதும் இருபக்கமும் கதிர் வாங்கிய வயல். சுபிதா கல்லூரிக்குச் சைக்கிளில் போனவள்தான். ஆனால் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் மிதித்ததில்லை. தோவாளையில் பூச்சந்தைக் கூட்டம் சாலையை அடைத்திருந்தது. கால் ஊன்றி நின்றவளின் பையைப் பார்த்து ஒரு பூக்காரி, "புள்ளைக்கு எத்தன மாசம் ஆச்சு?" என்று கேட்டாள்.

"அறுபத்தொண்ணு வயசு."

பூக்காரி பைக்குள் எட்டிப் பார்த்தாள். சிவப்புத் துணி கட்டிய கலய வாயைக் கண்டதும் ஒரு கை பிச்சிப்பூவை அள்ளி உள்ளே போட்டு, விலகி வழிவிட்டாள்.

ஆரல்வாய்மொழி வரை காற்று முதுகில் கைவைத்துத் தள்ளியது. அங்கே டீக்கடையில் ஒரு சிக்கல். பை தோளை அறுக்கிறது, ஆனால் கலயத்தைக் கீழே வைக்க வழியில்லை. ஆளுக்கு ஒரு நிமிடம் என்று கைமாற்றிக் கைமாற்றி வாங்கிக்கொண்டார்கள். கூட்டத்துக்கு வழிகாட்டி முன்னால் போகும் இஸ்ரவேலின் முறை வந்தது. "அண்ணன் வந்தா வடை ஒண்ணும் மிஞ்சாது. இன்னைக்குத்தான் நமக்குக் கெடச்சிருக்கு" என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள், சுபிதாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அப்பா இனி இல்லை என்பது அவளுக்கு உறைத்தது. மூன்று நாளாக வராத அழுகை அந்த டீக்கடை பெஞ்சில் வைத்து வந்தது. யாரும் தேற்றவில்லை. பிரிஜா கலயத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, அவள் அழுது முடிக்கும்வரை வடை தின்றாள்.

திரும்பும்போது அதே காற்று எதிரே நின்று மல்லுக்கட்டியது. மயிலாடி வரை பல்லைக் கடித்து மிதித்தாள். கொட்டாரம் கடைத்தெருவில் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. சைக்கிளைப் பிடித்தபடி ஒற்றைக்காலில் நின்றாள். இன்னும் ஐந்து கிலோமீட்டர். கூட்டம் மொத்தமும் நின்றது.

பின்னால் கார்க் கதவு திறந்தது. சித்தப்பா வருவதைப் பார்த்ததும் சுபிதா இரண்டு கையாலும் பையை இறுக்கிக்கொண்டாள்.

"சித்தப்பா, ஒரு அஞ்சு நிமிசம்."

"முடியுமா?"

காலைத் தரையில் ஊன்றிப் பார்த்தாள், முடியவில்லை.

தங்கப்பன் வேட்டியை மடித்துக் கட்டினார். "பின்னால ஏறு."

"கார்லயா?"

"சைக்கிள்லட்டி. கார் இங்கன கெடக்கட்டும். மூணாந் தடவையும் பொன்னுலிங்கம் முடிக்கல்லன்னு எவனும் சொல்லப்பிடாது."

சைக்கிளைத் தொட்டு முப்பது வருடமான மனிதர். முதல் மிதியில் வண்டி நேராக ஒரு வாழைக்குலைக் கடைக்குள் போகப் பார்த்தது. கடைக்காரர் குலையை நகர்த்திக்கொண்டார். இரண்டாவது மிதியில் சாலைக்கு வந்தது. ஒன்பது சைக்கிளும் முன்னும் பின்னுமாகச் சேர்ந்துகொண்டன, ஒருவரும் முந்தவில்லை. தங்கப்பனின் மூச்சு கேரியரில் இருந்த சுபிதாவுக்குக் கேட்டது. நடுநடுவே, "எளவு, இந்த வெயிட்டு சைக்கிள அண்ணன் எப்பிடி மிதிச்சான்" என்றும் கேட்டது.

பதினொன்று நாற்பதுக்குக் கன்னியாகுமரி. இஸ்ரவேல் பெயர்ப் பட்டியல் காகிதத்தை எடுத்துப் பொன்னுலிங்கம் பெயருக்கு நேரே நேரத்தைக் குறித்தார். சித்தப்பாவும் சுபிதாவும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் துணியை அவிழ்த்தார்கள். சாம்பலையும் பிச்சிப்பூவையும் ஒரே அலை கொண்டுபோயிற்று. சுபிதாவின் நெஞ்சு திடீரென்று எடையில்லாமல் இருந்தது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

கரையேறியதும் தங்கப்பன் படியில் உட்கார்ந்து தொடையைப் பிடித்துக்கொண்டார்.

"கார் கொட்டாரத்திலல்லா நிக்கு? ஆட்டோ பிடிக்கட்டா?" என்று கேட்டார் இஸ்ரவேல்.

"வேண்டாம்" என்று எழுந்தார் தங்கப்பன். அண்ணனுடைய சைக்கிளின் ஸ்டாண்டைத் தட்டிவிட்டு, ஈர வேட்டியோடு தத்தி ஏறிச் சுபிதாவைத் திரும்பிப் பார்த்தார். "நீ சோறு தின்னு மக்கா. அஞ்சு கிலோமீட்டர்தானே."

யாரும் குறுக்கே இல்லாத சாலையில் மணியை இரண்டு தடவை அடித்துவிட்டு மிதித்துப் போனார்.