எல்லாம் ஹெல்ப்பில் இருக்கிறது

ஹஸ்னா பானுவுக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கிச் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டு வாசலில் போட்டு உடைத்திருப்பாள். முன்னால் சுடலைராஜ் நின்றுகொண்டிருந்தார். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

சுடலைராஜுக்குப் பனவடலிசத்திரம். அவருடைய அம்மா மாடத்தி அன்று விடிகாலையில் இறந்துபோனாள். கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்க வந்திருந்தார். ஆடித்தபசுத் திருவிழா என்பதால் அச்சகக்காரர்கள் எல்லாரும் ஷட்டரை இழுத்துவிட்டுச் சாமி பார்க்கப் போய்விட்டார்கள். போஸ்டர் அடிக்கிற கடைகளில் திறந்திருந்தது பானுவின் ஜெராக்ஸ் கடை ஒன்றுதான்.

"எங்கய்யா செத்தப்ப ஊரு பூரா போஸ்டர் ஒட்டுனோம் தங்கச்சி. அதப் பாத்துட்டு, 'நான் போனா எனக்கும் இப்படி ஒட்டுவியாலே'ன்னு கேட்டா எங்கம்மை. பொம்பளைக்கு யாரு ஒட்டுதான்னு அன்னைக்குச் சிரிச்சிட்டேன்." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மத்தியானம் தூக்கிருவாவ. அதுக்கு முன்ன அவ மொகம் செவுத்துல இருக்கணும்."

போஸ்டர் தயாராகத்தான் இருந்தது. பேத்தி கல்யாணப் போட்டோவிலிருந்து மாடத்தியின் முகத்தை மட்டும் வெட்டியெடுத்து, பேரும் ஊரும் போட்டு, பானு அழகாகச் செய்துவிட்டாள். பிரிண்ட் கொடுத்தால் பிரிண்டர்தான் வாயைத் திறக்கவில்லை. நேற்று ராத்திரி வரைக்கும் ஒழுங்காக ஓடிய சனியன், காலையில் கம்ப்யூட்டர் தன்பாட்டுக்கு என்னவோ அப்டேட் செய்துகொண்டதிலிருந்து செத்துக் கிடந்தது.

கடைக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் என்கிற சிஸ்டத்தைப் போட்டுக்கொடுத்தவர் அடுத்த தெருவில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் ஜெபசிங் அண்ணாச்சி. வைரஸ் வராது, எல்லாம் இலவசம் என்று வீட்டுக்கு வீடு பிரசங்கம் செய்கிறவர். அதற்குத் தமிழில் ஹெல்ப் பக்கங்களை எழுதியதும் அவர்தான். அதில் அவருக்குக் கொஞ்ச நஞ்சப் பெருமை இல்லை. பானு போன் போட்டாள்.

"பிரிண்டரா? எல்லாம் ஹெல்ப்ல இருக்கு மக்கா. வாசிச்சுப் பாரு. அஞ்சு நிமிச வேல" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

வாசித்துப் பார்த்தாள். 'அச்சுப்பொறியை நிறுவ, சேர் என்பதைச் சொடுக்கவும். உங்கள் அச்சுப்பொறியைத் தேர்ந்தெடுக்கவும். இப்போது உங்கள் அச்சுப்பொறி தயார்.' சேர்த்தாள், தேர்ந்தெடுத்தாள். எங்கே தயார்? கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு மறுபடி சேர்த்தாள். கேபிளைப் பிடுங்கிச் சொருகினாள். பக்கத்தின் கடைசியில் ஒரு வரி இருந்தது: 'சிக்கல் தொடர்ந்தால் உங்கள் நிர்வாகியை அணுகவும்.' எந்த நிர்வாகியை? இந்தக் கடையைக் காலையில் கூட்டுகிறவளும் அவள்தான், கல்லாவில் உட்காருகிறவளும் அவள்தான். எழுதுகிறவனுக்கு ஒரு மனசாட்சி வேண்டாமா?

இது இன்றைக்குப் புதிதாக வந்த வயிற்றெரிச்சலும் இல்லை. சித்திரையிலேயே ஒருநாள் பிரிண்டர் மக்கர் பண்ணியபோது, ஜெபசிங் நடத்தும் லினக்ஸ் குழுவில் எழுதிக் கேட்டிருந்தாள். 'பிரிண்டர் பக்கத்தை ஒண்ணொண்ணா, படத்தோட, எங்களை மாதிரி ஆளுக்குப் புரியிற மாதிரி எழுதுங்க அண்ணாச்சி.' அதற்கு அவர், பயன்படுத்துகிறவர்களும் கொஞ்சம் முயற்சி எடுத்து வாசிக்க வேண்டும் என்று பதில் போட்டார். கீழே நாலு பேர் கைதட்டுகிற படம் போட்டிருந்தார்கள். அந்தக் கைகளை இப்போது நினைத்தாலும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சுடலைராஜின் போன் அடித்தது. ஊரிலிருந்து கூப்பிட்டார்கள். "இன்னும் செத்த நேரம் பொறுங்க மாமா" என்று கெஞ்சினார். பானு மறுபடி ஜெபசிங்கைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. திரும்பவும் கூப்பிட்டாள், எடுக்கவில்லை.

"நான் போறேன் தங்கச்சி" என்றார் சுடலைராஜ். "திருவிழாவுக்குப் பஸ்ஸ எல்லாம் சுத்தி விடுதான். கொள்ளி வைக்க நான் இருக்கணும்லா." ஒரு சுடுசொல் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

பானு கடையை அப்படியே போட்டுவிட்டுத் திருவிழாக் கூட்டத்துக்குள் இடித்துக்கொண்டு ஓடினாள். அந்த நெரிசலில் அடுத்த தெருவுக்குப் போய்ச் சேரவே முக்கால் மணி நேரம் ஆனது. ஜெபசிங் கடைக்குள் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"எந்திரிங்க அண்ணாச்சி!"

"என்னட்டி, வாசிச்சியா?"

"நீங்க வந்து வாசிங்க. உங்க ஹெல்ப்ப வச்சு உங்க கையால பிரிண்ட் எடுத்துக் குடுங்க. பாக்கேன்."

அவள் போட்ட சத்தத்தில் தெருவில் போனவர்கள் நின்றுவிட்டார்கள். அந்த மானத்துக்குப் பயந்துதான் அவர் எழுந்து வந்தார். வந்து உட்கார்ந்தார், பட்டனைத் தட்டினார், பிரிண்டர் முனகியது. மாடத்தியின் முகம் மெல்ல வெளியே வந்தது.

"பாத்தியா? அஞ்சு நிமிசம்."

"இப்ப என்ன செஞ்சீங்க?"

"ஹெல்ப்ல உள்ளதத்தான் செஞ்சேன். சேர்த்தேன்."

"சேக்கதுக்கு முன்ன பழைய பிரிண்டர் பேர அழிச்சீங்க. நான் பாத்தேன்."

"ஆமா. பழசு கிடந்தா பிரிண்ட் அதுக்குத்தான் போய்ச் சேரும். அழிக்காம எப்படி?"

"அத எங்க எழுதியிருக்கீங்க?"

ஜெபசிங் ஹெல்ப்பைத் திறந்தார். மேலிருந்து கீழே வந்தார். மறுபடி மேலே போனார். "இது எல்லாத்துக்கும் தெரிஞ்சதுதான..." என்றார். குரலில் பழைய தெம்பு இல்லை.

"எனக்குத் தெரியாது! இருக்கது ஒரே பிரிண்டர். அத அழின்னு யாரும் சொல்லாம எனக்கு எப்படிக் கை வரும்?"

சுடலைராஜுக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் கொட்டுச் சத்தம் கேட்டது. "தூக்கிட்டோம் தங்கச்சி" என்றார்.

பானு அழுதாள். பிறகு மிச்சப் போஸ்டரையும் அடித்துக் கட்டி, பனவடலிசத்திரம் வழியாகப் போகிற பஸ்ஸில் தானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். ஒன்றை மட்டும் எடுத்து வைத்திருந்தாள். திரும்பி வந்ததும் அதன் முதுகில் பசையைத் தடவி, ஜெபசிங் கடைக் கண்ணாடிக் கதவின் உள்பக்கத்தில், முகம் கடைக்குள் பார்க்கும்படி ஒட்டினாள்.

"ஏட்டி, என்ன வேல இது?"

"வாசிச்சுப் பாருங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

செத்தவர்கள் முகத்தைப் பதினாறாம் நாள் கழியும் முன் கிழிக்க எந்த ஊரிலும் யாருக்கும் கை வராது. ஜெபசிங்குக்கும் வரவில்லை. மறுநாள் ஹெல்ப்பில் முதல் வரி மாறியிருந்தது: 'முதலில் பழைய அச்சுப்பொறியை அழிக்கவும். பயப்பட வேண்டாம்.' பானு அதைப் பார்த்தாள். கோபம் குறைந்தபாடில்லை.

பதினாறாம் நாள் விசேஷத்துக்குக் கார்டு அடிக்கச் சுடலைராஜ் மறுபடி கடைக்கு வந்தார். கண் கலங்கியிருந்தது.

"வார வழியில பாத்தேன் தங்கச்சி. அடுத்த தெருவுல கம்ப்யூட்டர் கடை வச்சிருக்க ஒரு அண்ணாச்சி தன் கடையில எங்கம்மைய ஒட்டி வச்சிருக்காரு. பின்பக்கந்தான் ரோட்டப் பாத்திருக்கு, வெயில்ல முகம் நிழலாத் தெரிஞ்சுது. உள்ள போய்ப் பாத்தா எங்கம்மை! யாரோ எவரோ, எங்கம்மைக்கு இவ்ளோ செஞ்சிருக்காரேன்னு கையப் பிடிச்சு அழுதுட்டேன்."

"அவர் என்ன சொன்னாரு?"

"மொகத்த நிமித்தவே மாட்டேன்னுட்டாரு" என்றார் சுடலைராஜ். "ரொம்ப எளகுன மனசு போல."