கையால் கொடுத்த துண்டு

ரேவி சித்தப்பாவின் உடலை மராய் என்னும் எங்கள் ஊர்ப் பொதுக்கூடத்தில் கிடத்தி அன்று இரண்டாம் நாள். மறுநாள் அடக்கம், அது முடிந்ததும் விருந்து. முந்நூறு பேராவது வருவார்கள். சமையற்கட்டில் பன்றியும் ஆடும் கிழங்கும் குவிந்து கிடந்தன. மான்கறி மட்டும் இல்லை. காடே கதி என்று வாழ்ந்து செத்த மனிதரின் விருந்தில் மான் இல்லையென்றால் ஊர் வாயில் விழுந்து எழ முடியாது.

உண்மையைச் சொன்னால், நான் விருந்துக்காகக் காட்டுக்குப் போகவில்லை. அவர் மனைவி குரா சித்திக்காகப் போனேன்.

எங்கள் வழக்கப்படி, இறந்தவரின் மனைவி உடலின் பக்கத்திலேயே இருக்க வேண்டும். வெளிச்சம் இருக்கும்வரை ஒரு பருக்கை வாயில் படக்கூடாது. சூரியன் விழுந்த பிறகுதான் தட்டு வரும். முதல் நாள் வந்த தட்டைச் சித்தி தொடாமலே திருப்பி அனுப்பிவிட்டாள். இரண்டாம் நாள் காலையில் நான் போய்க் குனிந்தபோது காதோரம் சொன்னாள்: "மான் இதயத்த வெண்ணெயில வதக்கிக் குடுத்தா சாப்பிடுவேன்டி. அவரு அப்படித்தான் கொண்டாந்து குடுப்பாரு." எழுபத்தாறு வயது. எனக்கு ஏழு வயதானதிலிருந்து என்னை வளர்த்தவள். கேட்டது ஒரே ஒரு இதயம். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

என் கணவரின் தம்பி மட்டியூவும் கூட வந்தான். ஆளுக்கொரு நாலுசக்கர பைக். என் முன்னால், பெட்ரோல் டாங்கின் மேல், ஹிகோ உட்கார்ந்து வந்தான்.

ஹிகோ மானைத் துரத்தும் நாய் அல்ல, காட்டிக்கொடுக்கும் நாய். பத்தடி முன்னால் பூனை நடை நடப்பான். வாடை கிடைத்ததும் வேகம் குறையும், கழுத்து நீளும், முன்னங்கால் ஒன்று தரையைவிட்டு எழும்பும். அதற்குமேல் நம் வேலை. இன்னொன்றும் பழக்கியிருந்தேன். காட்டில் கீழே கிடக்கும் எதையும் அவன் தின்னமாட்டான். என் உள்ளங்கையிலிருந்து வந்தால் மட்டும்தான். மரங்களை மொட்டையடிக்கும் போசம் என்ற விலங்குகளைக் கொல்ல ஹெலிகாப்டரிலிருந்து விஷக் குளிகை தூவுகிற நாட்டில் நாய் வளர்ப்பவர்களுக்கு இந்தப் பயம் எப்போதும் உண்டு. அந்த விஷம் மற்ற எல்லாவற்றையும்விட நாயைத்தான் சீக்கிரம் கொல்லும். மாற்று மருந்தும் கிடையாது. ஒன்றரை வருடம் அவனோடு மல்லுக்கட்டி இதைக் கற்றுக்கொடுத்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரே உண்டு.

"உங்க மகாராசா தெருவுல கெடக்குற எலும்பக்கூட மோந்து பாக்க மாட்டாராமே அண்ணி?" என்றான் மட்டியூ, வண்டியை நிறுத்தியபடி. "எங்கண்ணனுக்கும் இதே பயிற்சியக் குடுத்திருந்தா தொப்பையாச்சும் கொறஞ்சிருக்கும்."

"அவருக்கு அறிவு வேணுமே. உங்க குடும்பத்துல அது யாருக்கு இருக்கு?"

"அதான் உங்களக் கட்டிட்டு வந்தோம்."

பாதை தொடங்கும் இடத்தில் பலகை மாட்டியிருந்தார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் விஷம் தூவி ஆறு நாளாகியிருந்தது. வரைபடத்தில் சிவப்புக் கோடு ஆற்றோடு நின்றது. நாங்கள் போவது இந்தக் கரை. இரண்டு தடவை படித்துப் பார்த்தேன்.

"நடுவுல ஆறு இருக்கு அண்ணி. குளிகைக்கு நீச்சலா தெரியும்?" என்றான் மட்டியூ.

குளிகைக்கு நீச்சல் தெரியாது. மானுக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். சாவு வீட்டு அவசரம் இருவர் புத்தியையும் மறைத்துவிட்டது.

காடு அன்று ஒரு மாதிரியாக இருந்தது. காற்று செத்துப்போயிருந்தது. பெரணிகளிலிருந்து நீர் சொட்டும் சத்தம் மட்டும்தான். ஆள் வந்தால் வாலை விசிறிக்கொண்டு கூடவே வரும் சின்னக் குருவிகளில் ஒன்றைக்கூடக் காணவில்லை. சாவு வீட்டிலிருந்து வந்தவளுக்கு எல்லாம் அப்படித்தான் தோன்றும் என்று என்னை நானே அதட்டிக்கொண்டேன்.

பதினொரு மணி இருக்கும். மண் சரிந்து திறந்துகிடந்த ஒரு சரிவின் ஓரம் ஹிகோ நின்றான். கழுத்து நீண்டது, கால் எழுந்தது. பிறகு அவன் இதுவரை செய்யாத ஒன்றைச் செய்தான். காலைக் கீழே வைத்து, என்னைத் திரும்பிப் பார்த்து, ஓரடி பின்னால் வந்தான்.

நாற்பதடி தூரத்தில் ஒரு பெண்மான் நின்றது. பட்டப்பகலில், மறைவில்லாத வெளியில். எங்களைப் பார்த்தது. பார்த்தும் ஓடவில்லை. காதைக்கூட அசைக்கவில்லை. வாயோரம் ஈரமாக இருந்தது. தண்ணீர் குடித்துவிட்டு வந்திருக்கும் என்று நினைத்தேன். நான் துப்பாக்கியை எடுத்து, மண்டியிட்டு, மூச்சை அடக்கிச் சுடும்வரை அது அப்படியே நின்றது.

"சித்தப்பாவே அனுப்பி வச்சிருக்காரு போல!" என்று மட்டியூ துள்ளினான்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அதை இப்போது நினைத்தால் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. இருபத்தைந்து வருடமாக வேட்டையாடுகிறவள் நான். ஓடாத மானைப் பார்த்து ஏன் ஓடவில்லை என்று கேட்காமல் சுட்டேன்.

குடலை எடுத்து ஒதுக்கினோம். இதயம் உள்ளங்கை கொள்ளாத அளவுக்குப் பெரியது. காட்டிக்கொடுத்தவனுக்கு அதில் முதல் துண்டு, அது வேட்டை நாயின் உரிமை. நுனியை வெட்டி நீட்டினேன். ஹிகோ மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"தொரைக்குப் பசிக்கலயாம்," என்றான் மட்டியூ.

எனக்கு ரோஷம் வந்தது. "ஹிகோ, தின்னு," என்றேன் அதட்டலாக. அவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு என் கையிலிருந்து எடுத்துத் தின்றான்.

மட்டியூ இரண்டு தொடைகளையும் முதுகுக் கறியையும் கட்டிக்கொண்டு, இதயத்தைத் துணியில் சுற்றித் தனியே வைத்துக்கொண்டு புறப்பட்டான். "சூரியன் விழுந்ததும் சித்தி தட்டுல இருக்கும். நான் பொறுப்பு," என்றான். முந்நூறு பேருக்கு ஒரு மான் எந்த மூலைக்கு? இன்னொன்று கிடைக்குமா என்று நானும் ஹிகோவும் மேலே ஏறினோம்.

இரண்டு மணிக்கு மேல் ஹிகோ நின்றான். வாடை பிடித்துவிட்டான் என்று நானும் நின்றேன். ஆனால் கால் எழவில்லை. வெறும் மரத்தடியை, அங்கே யாரோ நிற்பது போல, உற்றுப் பார்த்தான். தொண்டைக்குள் முனகினான். கூப்பிட்டேன், திரும்பவில்லை. பிறகு வாந்தி எடுத்தான். எடுத்த கையோடு யாரோ விரட்டுவது போல ஓடி, ஒரு மரத்தில் முட்டி, எழுந்து, மறுபடி ஓடினான். அவனுடைய குரைப்பு எனக்குத் தெரியும். அது அந்தக் குரைப்பு இல்லை.

கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினேன். மானின் குடலைப் போட்ட இடத்துக்கு வந்ததும் கத்தியால் இரைப்பையைக் கிழித்தேன். மென்ற புல்லுக்கு நடுவே பாதி கரைந்த குளிகைகள். புல்லின் பச்சை வேறு, விஷக் குளிகைக்குப் பூசும் சாயப் பச்சை வேறு. அதைத் தெரிந்துகொள்ள நல்ல வெளிச்சம்கூட வேண்டியதில்லை.

காலையில் இதைத் திறந்து பார்க்க ஒரு நிமிடம் ஆகியிருக்கும். கீழே கிடக்கும் விஷத்தை அவன் தொடவே இல்லை. நான்தான் ஊட்டினேன், அதுவும் வேண்டாம் என்றவனை அதட்டி.

அப்போதுதான் அடுத்தது நினைவுக்கு வந்தது. அந்த இதயத்தின் மிச்சம் சித்திக்கு.

மணி மூன்று. வண்டிக்கு ஒன்றேகால் மணி நேர நடை, அங்கிருந்து கூடத்துக்கு அரை மணி நேரம். ஐந்து மணிக்குச் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும். எங்கள் பள்ளத்தாக்கில் கைபேசி வெறும் கடிகாரம்தான். உடனே கிளம்பினால் போய்ச் சேரலாம். ஹிகோ பக்கவாட்டில் விழுந்து நான்கு கால்களையும் உதைத்துக்கொண்டிருந்தான். இருபத்தெட்டு கிலோ, தூக்கிக்கொண்டு நடக்க முடியாது. செய்ய வேண்டியது என்ன என்று எனக்குத் தெரியும். துப்பாக்கி தோளில்தான் இருந்தது.

என்னால் முடியவில்லை. வலிப்பு நிற்கும் போதெல்லாம் அவன் என் கையைத் தேடினான். இப்போது நின்றுவிடும், இதோடு நின்றுவிடும் என்று தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு முறையும் மறுபடி வந்தது. கடைசியில் எழுந்து, இரண்டடி தள்ளி நின்று, சுட்டேன். கடிகாரத்தைப் பார்த்தேன். நாற்பது நிமிடம் போயிருந்தது.

பிறகு ஓடினேன். எங்கே விழுந்தேன், எங்கே எழுந்தேன் என்று நினைவில்லை. வண்டியைக் கிளப்பும்போது மலைமுகட்டில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் ஒட்டியிருந்தது.

கூடத்துக்கு வந்தபோது முற்றத்தில் விளக்குப் போட்டிருந்தார்கள். மட்டியூ சமையற்கட்டு வாசலில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தான்.

"கறிய யாராச்சும் தின்னாங்களா?"

"நாளைக்கித்தான அண்ணி... ஏன், என்ன ரத்தம் இது? ஹிகோ எங்க?"

"வெஷம். எல்லாத்தையும் பொதைச்சிடு. யாரும் தொடக்கூடாது. இதயம் எங்கடா?"

அவன் கத்தியைக் கீழே வைத்தான். கூடத்தின் பக்கம் பார்த்தான்.

சித்தி சுவரில் சாய்ந்து, சித்தப்பாவின் சவப்பெட்டிமேல் ஒரு கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தட்டு பக்கத்தில் இருந்தது. ரொட்டியால் துடைத்துச் சாப்பிட்டிருந்தாள். வெண்ணெயின் பளபளப்பு மட்டும் மிச்சம்.

"வந்துட்டியா வைமாரி," என்றாள். இரண்டு நாளில் முதல் தடவையாக முகத்தில் கொஞ்சம் ரத்த ஓட்டம் இருந்தது. "அவரு செஞ்ச மாதிரியே இருந்துச்சுடி. நல்லா இரு."

நான் மண்டியிட்டு, விஷயத்தைச் சொன்னேன். சுற்றி இருந்த பெண்கள் அழுவதை நிறுத்தினார்கள். சித்தி மட்டும் அசையவில்லை.

ஆஸ்பத்திரி இரண்டு மணி நேரப் பயணம். மட்டியூ காரை ஓட்டினான், நானும் சித்தியும் பின்சீட்டில். "மனுசங்களுக்கு அவ்ளோ சீக்கிரம் ஏறாதாம். நாய்க்குத்தான் அப்படியாம்," என்று அவன் மூன்று முறை சொன்னான். யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை.

"எவ்ளோ நேரத்துல வந்துச்சு, அவனுக்கு?" என்றாள் சித்தி.

"மூணு மணி நேரம் இருக்கும்."

"மொதல்ல என்ன பண்ணான்?"

"ஒண்ணும் பண்ணல சித்தி. தூங்கின மாதிரி போயிட்டான்."

"ஏழு வயசுலேருந்து உன் பொய்யக் கேட்டுட்டு இருக்கேன்." என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "சொல்லு. வந்தா எனக்குத் தெரிய வேண்டாமா?"

சொன்னேன். முதலில், எதுவுமே இல்லாத இடத்தைப் பார்த்தபடி நின்றான் என்று சொன்னேன். அதன் பிறகு நடந்ததையும் சொன்னேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள், சமையல் பக்குவம் கேட்பது போல.

பாலத்தைத் தாண்டி, நேர்சாலையில் வண்டி வேகமெடுத்தது. நகரத்து விளக்குகள் தூரத்தில் தெரிய ஆரம்பித்தன. சித்தி சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பினாள். திரும்பியவள் பார்வையை எடுக்கவில்லை.

"என்ன சித்தி?"

"ஒண்ணுமில்லடி. உங்க சித்தப்பா வேலியோரமா நிக்கிறாரு."

நான் குனிந்து, அவள் தோளுக்கு மேலாக, வெளியே பார்த்தேன். வேலி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.